முழங்கால் அளவு குளம்

என் அக்கா கோமு ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் நடுவில் யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. தன் கல்யாணத்துக்குப் பந்தல் போட வந்தவரிடம், பட்டுச்சேலையும் மாலையுமாக வெளியே வந்து நின்று, "இந்தக் கால் கோணலா நிக்கி, பிடுங்கி நடும்" என்று சொன்னவள். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தாள். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கிக்கொண்டே இருக்கும். எனக்கு அவளிடம் இன்றைக்கும் பயம்தான். வண்ணார்பேட்டையில் பிளைவுட் கடை வைத்துக்கொண்டு, வருகிறவன் போகிறவனையெல்லாம் வாய்க்கு வந்தபடி ஏசுகிற நான், அவள் போன் வந்தால் மட்டும் எழுந்து நின்று பேசுவேன்.

அப்படிப்பட்டவள் போன ஐப்பசியில் வீட்டுப் புறவாசலில் குளம் வெட்டினாள். அழகுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ இல்லை. அத்தானை ஆற்றுக்குப் போகவிடாமல் தடுக்க வெட்டினாள்.

அத்தான் சிவசண்முகம் தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர். அவர்கள் வீடு குறுக்குத்துறை ரோட்டில் இருக்கிறது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவருக்குத் தாமிரபரணியில்தான் குளியல். காய்ச்சல் வந்தால் ஒழிய வீட்டுக் குளியலறைக்குள் போக மாட்டார். சோப்புப் பெட்டி, துண்டு, திருநீற்றுச் சம்புடம் மூன்றையும் எடுத்துக்கொண்டு விடியும்போது கிளம்பினால், ஈர வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்புவார். இடையில் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். படித்துறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, கெண்டைக் குஞ்சுகள் வந்து பாதத்தைக் கடிக்கக் கடிக்கச் சிரித்துக்கொண்டிருப்பார். சின்ன வயதில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து கடி வாங்கியிருக்கிறேன்.

அந்த மனிதருக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. முதலில் ஆட்களின் பெயர், பிறகு நாள், கிழமை. அக்காவையே சில நாள் "யம்மா, நீங்க யாரு?" என்று கேட்டார். ஆறு மட்டும் மறக்கவில்லை. குளித்துவிட்டு வருவார், தலை ஈரம் காயாது, குளித்தது மறந்துவிடும். மறுபடியும் சோப்புப் பெட்டியைக் கையில் எடுப்பார். அக்கா கூடவே போய்ப் பார்த்தாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவது? ஒருநாள் அத்தான் படியில் வழுக்கி விழ, துணி துவைத்துக்கொண்டிருந்த ஆட்கள் தூக்கிவிட்டார்கள். இனிமேல் ஆற்றுப் பக்கமே விடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வாசல் கேட்டுக்குப் பூட்டுப் போட்டாள். அவர் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, "யாரு பூட்டுனது? தொறங்க! ஆபீஸுக்கு நேரமாவுது!" என்று கத்துவார். பெங்களூரில் இருக்கிற மகள் பிருந்தா, "அப்பாவ ரூம்ல வச்சுப் பூட்டும்மா, வேற வழியில்ல" என்று போனில் அழுதாள்.

"பூட்டி வைக்க உங்கப்பா என்ன நகையா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள் அக்கா. மறுநாள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏலே குமரு, ஆத்த இங்கன கொண்டாந்துரலாம்னு பாக்கேன்."

எனக்கு அவளுக்கும் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றியது. போய்ப் பார்த்தால், போனில் ஏதேதோ வீடியோக்களைப் பார்த்துவிட்டு, முருங்கை மரத்துக்கும் துவைகல்லுக்கும் நடுவில் கோலமாவால் கோடு கிழித்து வைத்திருக்கிறாள்.

"யக்கா, இதெல்லாம் நமக்குத் தெரிஞ்ச வேலையா? கொசு வரும், பாம்பு வரும். அத்தான் குப்புற விழுந்தா என்ன செய்வ?"

"அதுக்குத்தாம்லே அளவு எடுத்திருக்கேன்."

நிஜமாகவே அளவு எடுத்திருந்தாள். அத்தானை முக்காலியில் உட்காரவைத்து, பாதத்திலிருந்து முழங்கால் வரைக்கும் டேப் வைத்து அளந்திருக்கிறாள். அவர் ஏதோ பேன்ட் தைக்கிறார்கள் என்று நினைத்து, "கீழ கொஞ்சம் லூஸா இருக்கட்டும்" என்று சொன்னாராம். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அதற்குமேல் நான் என்னத்தை எதிர்த்துப் பேச?

முதல் முயற்சி தார்ப்பாயில். குழி வெட்டி, தார்ப்பாயை விரித்து, ஓரத்தில் கல்லை அடுக்கித் தண்ணீரை நிரப்பினாள். பார்க்கக் குளம் மாதிரியேதான் இருந்தது. மறுநாள் காலையில் பொட்டுத் தண்ணீர் இல்லை. பெருச்சாளி கீழேயிருந்து கடித்து ஓட்டை போட்டிருந்தது. "எளவு, நான் பாடுபட்டது பெருச்சாளி குளிக்கதுக்கா!" என்று தார்ப்பாயை உருவி ரோட்டோரம் எறிந்தாள்.

அடுத்தது செங்கலும் சிமெண்டும். கொத்தனார் வந்து கட்டினார், இவள் பக்கத்திலேயே நின்று அவர் உயிரை வாங்கினாள். படித்துறை மாதிரி உள்ளே படி வேண்டும், படி விளிம்பு காலைக் கிழிக்கக்கூடாது, உட்காருகிற படி அகலமாக இருக்க வேண்டும் என்று ஆயிரம் சட்டம். மணலும் கல்லும் உள்ளே வர வழியில்லை என்று புறவாசல் சுவரில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடித்துவிட்டாள். வேலை முடிந்ததும் அந்த இடைவெளியை மறைக்க, மழையில் நனைந்து வீணாய்ப்போன பிளைவுட் பலகை ஒன்றை என் கடையிலிருந்து வாங்கிச் சாத்திவைத்தாள். சுவரைப் பிறகு எடுத்துக் கட்டிக்கொள்ளலாம் என்றாள்.

சிமெண்ட் காய்ந்ததும் குழாய்த் தண்ணீரை நிரப்பி, அத்தானைக் கையைப் பிடித்து அழைத்து வந்து படியில் உட்காரவைத்தாள். நானும் பக்கத்தில் நின்றேன். அவர் காலை உள்ளே விட்டார். குனிந்து பார்த்தார். ஒரு காலை அசைத்தார், மறு காலை அசைத்தார்.

"மீனு எங்க?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். எழுந்து சோப்புப் பெட்டியைத் தேடப் போய்விட்டார். அக்கா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜங்ஷனில் கலர் மீன் விற்கிறார்கள், வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். "கலர் மீனு கடிக்குமாலே? அவரு என்ன வேடிக்கை பாக்கவா கேக்காரு?" என்று என்மேல் பாய்ந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ரோட்டில் மைக் கட்டின ஆட்டோ போனது. மலையில் மழை வலுத்திருக்கிறது, அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப் போகிறார்கள், யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனது. இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் வருஷத்து வெள்ளத்தைக் கண்ட ஊர் இது.

"தண்ணி வந்துட்டா மீனு பிடிக்க முடியாது. இப்பமே போ" என்றாள் அக்கா.

போனேன். துண்டை விரித்து நடுவில் ஒரு பிடி சோற்றைப் போட்டு, தண்ணீருக்குள் பைய இறக்கி, குஞ்சுகள் கூடியதும் நாலு முனையையும் சேர்த்துத் தூக்க வேண்டும். அத்தான்தான் எனக்கு அந்த வேலையை ஒரு காலத்தில் காட்டிக்கொடுத்தவர். வாளியில் பிடித்துக் கொண்டுவந்து குளத்தில் விட்டேன். அத்தான் படியில் உட்கார்ந்தார். செத்த நேரத்தில் ஒரு குஞ்சு வந்தது, பிறகு இன்னொன்று. அவர் பாதத்தைச் சுற்றி மொய்த்தன. "ஏ, கூசுது! கூசுது!" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்குத் தூங்கப் போகிற வரைக்கும் ஆறு என்ற பேச்சையே எடுக்கவில்லை. அக்கா முகத்தில் எவ்வளவோ நாளைக்குப் பிறகு வெளிச்சத்தைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்துகொண்டிருக்கும்போது போன் வந்தது.

"எல்லாம் செத்து மெதக்குலே." அவள் அழுதுகொண்டிருந்தாள். என் அக்கா அழுது நான் கேட்டது குறைவு. "தண்ணிய தொட்டா வழவழன்னு இருக்கு. சிமெண்டுக் காரம்லே. வாழத்தண்டு போடலியே நான்! இந்த வீட்டுத் தொட்டி கட்டும்போது வெட்டிப் போட்டு ஊறவச்சோமே, புத்தி கெட்டுப் போச்சே எனக்கு!"

அட, ஆமாம். புதுத் தொட்டி கட்டினால் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, மறுபடியும் ஊறவைத்து, காரம் போன பிறகுதான் புழங்குவோம். கரையெல்லாம் வாழையாக நிற்கிற ஊரில் இது தெரியாத ஆள் உண்டா? அந்த ஆட்டோ போட்ட அவசரத்தில் அவளும் மறந்தாள், நானும் மறந்தேன். கொத்தனாரும் சொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டி என்றால் சொல்லியிருப்பார், இந்த அம்மா பொழுதுபோகாமல் ஏதோ கட்டுகிறாள் என்று விட்டுவிட்டார்போல.

"சரிக்கா, அழாத. நான் வாரேன்" என்று போனை வைத்தேன். ஷட்டரை இறக்கிக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் அடித்தது.

"ஏலே, அவரக் காணும்."

ஷட்டரைப் பாதியில் விட்டேன்.

"செத்த மீன வாரிக்கிட்டு இருந்தேன். பக்கத்துலதான் நின்னுகிட்டு இருந்தாரு. முகங்கழுவ உள்ள போனேன், வந்து பாத்தா ஆளில்ல. பலக கீழ கெடக்கு. வாளியயும் காணும்."

கேட்டுக்குப் பூட்டுப் போட்டவள், குளத்துக்காகச் சுவரை இடித்து அவருக்கு வழிவிட்டிருக்கிறாள். அந்த நேரத்தில் அதை அவளிடம் சொல்வேனா? அவளுக்கே தெரியும். "நீ வீட்டுலயே இரு, திரும்பி வந்தாலும் வருவாரு" என்று கத்திவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வண்டி ஓட்டிய ஞாபகமே எனக்கு இல்லை. சுலோசன முதலியார் பாலத்தில் போகும்போது கீழே பார்த்தேன். தண்ணீர் செம்மண் நிறத்தில், கரையைத் தொட்டுக்கொண்டு போனது. எதிரே ஒரு ஆட்டோ, அதே மைக், அதே குரல். அதை ஓட்டினவனைப் பார்த்துக் காரணமே இல்லாமல் ஏசினேன்.

படித்துறைக்குப் போகிற வழியில் அப்போதுதான் கயிறு கட்டிவிட்டு ஒரு போலீஸ்காரர் நின்றார். "அண்ணாச்சி, கீழ போவக்கூடாது" என்றார். "எங்க அத்தான் உள்ள நிக்காருவே!" என்று கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவரும் பின்னாலேயே ஓடி வந்தார்.

அத்தான் நின்றார். வழக்கமாக உட்காருகிற படி தண்ணீருக்குள் போய்விட்டது. அதற்கு மேல்படியில், தொடைவரைக்கும் தண்ணீரில், குனிந்து துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாளி தண்ணீருக்கு மேலே தெரிந்த படியில் இருந்தது. மரக்கிளையும் வாழை மரமும் குப்பையுமாக ஆறு அவருக்கு ஒரு கை தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே மண்டபத்தில் நின்ற சிலர், "ஏ பெரியவரே! மேல ஏறும்! சாவப் போறீரா!" என்று கூச்சல் போட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு அவர் திடுக்கிட்டுத் திரும்பும்போதெல்லாம் கால் தடுமாறியது.

"வாய மூடுங்கலே எல்லாரும்!" என்று நான் போட்ட சத்தத்தில் மண்டபமே அமைதியாகிவிட்டது.

ஓடிப் போய் இழுத்தால் அவர் திமிறுவார். திமிறினால் இரண்டு பேரும் ஆற்றோடுதான். கேட்டில் அவர் உலுக்குகிற பலம் எனக்குத் தெரியும். போலீஸ்காரரை அங்கேயே நிற்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, பைய இறங்கினேன்.

"அத்தான், மீனு கெடச்சுதா?"

அவர் திரும்பாமலே, "பைய வா லே. ஓடிரும்" என்றார்.

குறுக்குத்துறை முருகா, என்னை ஆள் தெரிந்திருக்கிறது! நான் தண்ணீருக்குள் கால் வைத்தேன். கீழே இழுக்கிற வேகம் முழங்காலில் தெரிந்தது. ஒரு கையால் படியோரத்துக் கல்தூணைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவர் இடுப்பு வேட்டியைக் கொத்தாகப் பிடித்தேன்.

"துண்டத் தூக்குவமா அத்தான்?"

"பொறு. இன்னும் கூடட்டும்."

"தண்ணி ஏறுது அத்தான்."

"ஏறட்டும். பழைய மீனெல்லாம் செத்துப் போச்சு." அவர் குரல் இறங்கியது. "கோமு அழுதா லே."

எத்தனை மாசமாக அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வரவில்லை! எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழ நேரமில்லை. அடுத்த படியையும் தண்ணீர் தொட்டுவிட்டது, வாளி மிதந்து ஆட ஆரம்பித்தது.

"அவ இன்னும் அழுதுகிட்டுதான் இருக்கா அத்தான். சீக்கிரம் கொண்டு போனாத்தான் நிறுத்துவா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். துண்டின் முனைகளைச் சேர்த்துத் தூக்கினார். கலங்கல் தண்ணீர் வடிந்து போக, துண்டின் நடுவில் விரல் நகம் நீளத்துக்கு ஒரே ஒரு கெண்டைக் குஞ்சு துள்ளியது. அதை வாளியில் விட்டு, வாளியை அவர் எடுத்துக்கொள்ள, நான் அவரைப் பிடித்துக்கொள்ள, போலீஸ்காரர் என் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்தார். நாங்கள் மண்டபத்துக்கு ஏறித் திரும்பிப் பார்த்தபோது வாளி இருந்த படியும் தெரியவில்லை. அத்தான் அதைக் கவனிக்கவே இல்லை. வாளிக்குள் மீன் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்தேன். வாளியை என்னிடம் தர மாட்டேன் என்றார், என் முதுகுக்கும் அவர் வயிற்றுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். வழி முழுக்க என் முதுகில் ஆற்றுத் தண்ணீர் தளும்பியது.

வீட்டுக்குள் நுழையும்போதே புறவாசலில் ணங் ணங் என்று சத்தம். அக்கா கடப்பாரையை எடுத்துக் குளத்தை உடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு படியின் மூலை பெயர்ந்து விழுந்திருந்தது. தலை கலைந்து, முகம் வீங்கி, ஓங்கி ஓங்கிக் குத்தினாள்.

"இந்தக் குழியாலதான்! இதக் கட்டுனதாலதான் போனாரு! நானே சொவர இடிச்சு..." என்றவள் எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அடுத்த நொடி, "எங்க போனீய? எங்க போய்த் தொலைஞ்சீய? நான் செத்திருப்பேனே!" என்று அலறினாள்.

அத்தான் அவள் கூச்சலை வாங்கிக்கொள்ளவே இல்லை. நேரே குளத்தங்கரைக்குப் போனார். வாளியைத் தூக்கி, சாய்த்தார்.

"ஊத்தாதீய!"

நான் வாய் திறப்பதற்குள் அக்கா கத்திக்கொண்டே கடப்பாரையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் தண்ணீர் சிந்திவிட்டது. அவர் விடவில்லை, இவளும் விடவில்லை.

"மீனு," என்றார் அவர், அவள் முகத்தைப் பார்த்து. "ஒனக்குத்தான். அழாத கோமு."

அக்கா வாளியை விடாமலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஏலே, வேடிக்க பாத்துகிட்டு நிக்காம அந்தப் பித்தள அண்டாவ எடுத்துட்டு வா" என்று ஏசினாள். அந்த ஏச்சைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மீனை அண்டாவில் விட்டோம். நான் இரண்டு வாழைத்தண்டு வாங்கி வந்து துண்டு துண்டாக வெட்டிக் குளத்தில் போட்டேன். சுவரை அன்றைக்கே எடுத்துக் கட்டச் சொல்லி, கொத்தனார் வந்து முடிக்கிற வரைக்கும் அந்த இடைவெளியில் நாற்காலி போட்டு நானே உட்கார்ந்தேன்.

அன்றிரவு நான் அங்கேயே படுத்துக்கொண்டேன். மறுநாள் விடிந்ததும் அத்தான் சோப்புப் பெட்டியை எடுத்தார். முந்தின நாள் நடந்தது எதுவுமே அவருக்கு நினைவில் இல்லை. "ஆத்துக்குப் போயிட்டு வந்துருதேன் யம்மா" என்றார். நான் எழுந்து வழியை மறிக்கப் போனேன். அக்கா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள்.

"போங்க. ஆனா அண்டாவுல மீனு கெடக்கு, காக்கா சுத்திக்கிட்டு வருது. நீங்களும் போயிட்டா யாரு காவலு?"

அவர் கேட்டைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். சோப்புப் பெட்டியைத் துவைகல்மேல் வைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இப்போது குளத்தில் காரம் போய்விட்டது. அந்த மீன் குளத்துக்கு வந்துவிட்டது, வெள்ளம் வடிந்த பிறகு நான் பிடித்துவந்த குஞ்சுகளும் அதோடு இருக்கின்றன. பெயர்ந்த படி மூலையை அக்கா அப்படியே விட்டுவிட்டாள். தினமும் காலையில் அவர் சோப்புப் பெட்டியை எடுக்கிறார், தினமும் அவள் அந்தக் காக்கா கதையையே சொல்கிறாள். காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, தினமும் புதிதாகச் சொல்கிற மாதிரி அவரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்.

"நான் பாத்துக்கிடுதேன். நீ அழாத கோமு."